சனிக்கிழமை மீன்

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
தாது வருஷம் வைகாசி மாதம் 7ந் தேதி, புதன்கிழமை

என் மகள் தங்கமணிக்கு அப்பா கன்னையா ஆசி கூறி எழுதச் சொல்வது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் மழை வரப்போவதை எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது, வேறு குறை இல்லை. என்னோடு கண்ணாடிச் சாடிக்குள் குடியிருக்கும் ஒரு ஜீவனும் சுகம், அது யார் என்று பின்னால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரன் விஜயனும் நாகப்பட்டணத்தில் சுகம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் தினமும் தபால்காரன் மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதிக் கொடுப்பது பக்கத்து வீட்டுச் சபாபதி, ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், உனக்கு நினைவிருக்கும். நான் வாயில் வந்ததைப் பேசுகிறேன், அவர் அதைத் தட்டிக் கொட்டி நேராக்கி எழுதுகிறார். இங்கே ரயில்வே லயத்து வீட்டுக் கூரையெல்லாம் மாற்றுகிறார்கள், கோயிலில் கொடியேற்றம் முடிந்தது, கிள்ளானில் நமக்குப் பக்கத்து வீட்டிலிருந்த மாரியாயி இப்போது பண்டமாரானில் மகனோடு இருக்கிறாள், கோழி வளர்க்கிறாள், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. சபாபதி ஒருமுறை படித்தார், நான் இன்னொருமுறை படிக்கச் சொன்னேன், மூன்றாம் முறை படிக்கும்போது அவரே பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பினாங்குக் கப்பலில் வந்த ஒருவர் விஜயனுக்குப் புட்டியில் ஒரு சண்டை மீன் கொடுத்தார் என்றும், அது வந்த முதல் சனிக்கிழமை விடிய மிதந்தது என்றும், பிறகு குளத்தில் பிடித்த மீனும், அதற்குப் பிறகு பிடித்ததும், எல்லாமே சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சாகின்றன என்றும் எழுதியிருக்கிறாய். உன் தம்பி பாலன் கடல் தாண்டி வந்துவிட்டான், செத்துப்போகும்போது அவனுக்கு இருந்த அதே ஐந்து வயது இப்போது விஜயனுக்கு, அவன் விளையாடத் துணை தேடுகிறான் என்று எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை வந்தால் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் உன் முந்தானையில் முடிந்து வைத்திருப்பதாகவும், மாப்பிள்ளை உன்னைப் பைத்தியம் என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி. வெயிலில் குளம் வற்றுகிறது அப்பா, இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் மீன் கிடைக்கும், அப்புறம் நான் அவனுக்கு என்னத்தைக் கொடுப்பேன் என்று கேட்டிருக்கிறாய். சபாபதி உடனே தந்தி அடிக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். வீட்டுக்குத் தந்தி வந்தால் பிரித்துப் பார்ப்பதற்குள் உன் உயிர் போய்விடும், அதிலும் இது நாலு சொல்லில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படி.

கிள்ளானில் நாம் ஸ்டேஷன் லயத்தில் இருந்தபோது உனக்கு எட்டு வயது. நான் எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டிக்குக் காவல். பாதை ஓரத்து வடிகால் கானில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும், அதில் நீயும் பாலனும் சிரட்டையை அமுக்கிச் சண்டை மீன் பிடிப்பீர்கள். சீனர் கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய கண்ணாடிச் சாடி ஒன்று வாய் உடைந்து கிடந்ததை நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். முதல் மீனுக்கு நீ ஒரு பிடிச் சோறு போட்டாய், பாவம் பசிக்கும் என்று. மறுநாள் தண்ணீர் கஞ்சியாகி நாறியது, மீன் வயிறு மேலாகக் கிடந்தது. அடுத்ததற்குக் குளிரும் என்று சாடியை வெயிலில் தகரத்தின் மேல் வைத்தாய், மத்தியானம் தொட்டால் கை சுட்டது. அப்புறம் அதுக்குப் பேச ஆள் வேண்டாமா என்று இன்னொரு ஆண் மீனை உள்ளே விட்டாய், ஒன்று மற்றதன் வாலைக் கந்தலாக்கிவிட்டது. அதற்கடுத்தது, சாடி பளபளவென்று இருக்க வேண்டும் என்று துணிச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தது. ஒவ்வொன்றுக்கும் நீ அழுதாய், ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கற்றுக்கொண்டாய். கொசுப்புழு நாலு போதும், தண்ணீரை முழுக்க மாற்றக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான், நிழலில் வைக்க வேண்டும், மேலே துணி கட்டாவிட்டால் குதித்துவிடும். எனக்குத் தொட்டித் தண்ணீரில் இருந்த அறிவு உனக்குச் சாடித் தண்ணீரில் வந்துவிட்டது. கடைசியாக ஒரு கறுநீல மீன் நாலு மாதம் இருந்தது. பாலன் அதன் முன்னால் குந்தி மூக்கைச் சாடியில் அழுத்துவான், அது உடனே செவுளை விரித்துச் சிலிர்த்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேராக வந்து நிற்கும், அவன் சிரிப்பான். இது எனக்கு, அக்கா, உனக்கு வேற பிடிச்சுக்கோ என்பான்.

சௌமிய வருஷம் ஆடி மாதம் அவனுக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி டிரெஸர் கொயினா மருந்து கொடுத்தார். ஒரு சனிக்கிழமை காலையில், தண்ணீர் கொடு என்று கேட்டவன், நான் குவளையோடு திரும்புவதற்குள் போய்விட்டான். தச்சு வேலை செய்த ஒருவர் பெட்டிப் பலகையில் ஒரு சின்னப் பெட்டி அடித்தார். சனிக்கிழமை போகிறவர்களோடு ஒரு கோழிக்குஞ்சைத் துணைக்கு அனுப்புவது நம் வழக்கம் என்று உனக்குத் தெரியும். மாரியாயி வீட்டிலிருந்து ஒரு குஞ்சை வாங்கிக் காலில் நூல் கட்டிப் பெட்டிக் கயிற்றோடு முடிந்து வைத்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கத்து மேட்டுக்குப் போய் இறக்கினோம், குஞ்சைக் காணோம். எங்கய்யா குஞ்சு என்று பெரியவர்கள் கேட்டார்கள். வழியில் அவிழ்ந்து ஓடிவிட்டது என்று நான் சொன்னேன். ஓடிப்போய் வேற ஒண்ணு வாங்கிட்டு வாய்யா, தனியா விட்டா அவனே துணை தேடிக்குவான் என்று ஒருவர் சொன்னார். நான் போகவில்லை. மண்ணைத் தள்ளிவிட்டு, தலைமாட்டில் ஒரு தண்டவாளத் துண்டை நட்டுவிட்டு வந்துவிட்டோம். குஞ்சு ஓடிப்போன பேச்சு எங்களுக்கு முன்னாலேயே உன் அம்மா பவுனம்மாள் காதுக்குப் போயிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றினார்கள். நீ சாடியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாய், தண்ணீர் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி. உன் அம்மா வழியெல்லாம் பின்பக்கம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வந்த வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவி, செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, கழுத்தில் சப்பை விழுந்த இடத்தில் ஒட்டியிருந்த புளியைக்கூட நன்றாக அலசாமல் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தாள். சாயங்காலம் அந்தத் தண்ணீரைச் சாடியிலும் பாதிக்கு மேல் ஊற்றினாள். பிள்ளை கேட்ட தண்ணி, அவன் மீனாவது நல்ல தண்ணியா குடிக்கட்டும் என்றாள். சனிக்கிழமை விடிந்தது, கறுநீலம் மிதந்தது. சாடியைச் சுற்றி, தரையில், வாசற்படிப் பக்கமாகத் தண்ணீர்ச் சொட்டுகள். உன் அம்மா அந்தச் சொட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள், அழவில்லை. அவன் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்துட்டான்ங்க என்றாள். அவன் மீன், அவன் எடுத்துக்கிட்டான் என்றாள். அடுத்த வாரம் நீ வேறு மீன் பிடித்தாய், அதுவும் சனிக்கிழமை. அதற்கடுத்ததும். நீ கிள்ளானில் கற்றுக்கொண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தாய், சோறு போடவில்லை, வெயில் இல்லை, சவுக்காரம் இல்லை, ஆனாலும் தவறவில்லை. அதுவரைக்கும் உன் அம்மா உன்னைக் கண்ணைவிட்டு அகல விட்டதில்லை, கொல்லைக்குப் போனால்கூடப் பின்னால் வருவாள், ஒருவாய்ச் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை. மீன் சாகச் சாக அவள் முகம் தெளிந்தது. அவன் மீனோட போயிடுறான், எம்புள்ளையை விட்டுடுறான் என்று எனக்குச் சொன்னாள். உன்னைத் தெருவில் விளையாட விட்டாள், பள்ளிக்கு விட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வருகிறேன், நீ இரண்டு சிரட்டையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அம்மா, இந்த வாரம் தம்பிக்குச் சிவப்பைக் குடுக்கலாமா பச்சையையா என்று கேட்கிறாய், சந்தையில் காய் பொறுக்குகிற மாதிரி. அவள், சிவப்பு அவனுக்குப் பிடிக்கும் என்கிறாள். நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டேன்.

இனிமேல்தான் நான் உன்னிடம் இத்தனை வருஷம் சொல்லாதது. இங்கே சபாபதி பேனாவை வைத்துவிட்டு, அண்ணை, இதையும் எழுதட்டோ, பிள்ளை வாசிச்சுப் பயப்பிடுமல்லோ என்று கேட்கிறார். எழுதுங்கள், பயந்துதானே கிடக்கிறாள் என்றேன். மழை பிந்திய ஒரு மாதம், கானில் மீன் இல்லை, பாசார்ச் சந்தையில் வளர்ப்பு மீன் விற்கும் சீனரிடம் வாராவாரம் நானே ஒன்று வாங்கப் போனேன். மூன்றாம் தடவை அவர், என்ன தம்பி, வாங்கிக்கொண்டு போய்ப் பொரித்துத் தின்கிறாயா என்று கேட்டுச் சிரித்தார். எல்லாம் செத்துப்போகிறது என்றேன். எந்தத் தண்ணீர் என்று கேட்டார். வீட்டுக் குடத்துத் தண்ணீர் என்றேன். என்ன குடம், மண்ணா, தகரமா என்றார். செம்பு என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தெம்பாகா, செம்பு, அதில் மீன் மாத்தி லா, செத்துவிடும், மனுஷன் குடிக்கலாம், மீனுக்கு ஆகாது, அதிலும் புளி போட்டுத் தேய்த்த அன்றைக்கு விஷம் மாதிரி, செவுள் வெந்துவிடும், குதித்துக் குதித்துத்தான் சாகும் என்று மலாயில் சொன்னார். எனக்கு அந்தத் தரைச் சொட்டுகள் ஞாபகம் வந்தன. அந்த வெள்ளிக்கிழமை உன் அம்மா ஊற்றிவிட்டுப் போனதும் நான் சாடித் தண்ணீரை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், காசை நாக்கில் வைத்த மாதிரி இருந்தது. பத்து வருஷம் தண்ணீரோடு கிடந்தவன், இதை முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும். அதை முழுக்கக் கொட்டிவிட்டு, வேலையிடத்துப் பீப்பாய் மழைத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி வைத்தேன். சனிக்கிழமை விடிந்ததும் பார்த்தால் மீன் வாலை விரித்துக்கொண்டு சுற்றுகிறது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் வந்தாள், மீனைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். ஜன்னலை எல்லாம் சாத்தினாள், உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். அவன் மீனை எடுக்கலீங்க, வேற எதையோ எடுக்கப்போறான் என்றாள். தங்கமணி, அன்று மத்தியானம் உனக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

டிரெஸர் வந்தார், அதே கொயினா. முறைக்காய்ச்சல், வரும், வேர்த்தால் இறங்கும், கிள்ளானிலிருந்து வந்த பிள்ளை யாருக்குத்தான் இல்லை என்றார். எனக்கு அது தெரியும். செம்பும் தெரியும். எல்லாம் தெரிந்தவன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்ன செய்தேன் தெரியுமா. நீ கண்ணைச் செருகிக்கொண்டு தம்பி, தம்பி என்று சுவர்ப்பக்கம் பார்த்துச் சொன்னாய். நான் எழுந்து போய் அந்தக் குடத்துத் தண்ணீரை என் கையாலேயே சாடியில் ஊற்றினேன். எடுத்துக்கடா பாலா, அக்காவை விட்டுடுடா என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். நின்று பார்த்தேன். அது குதித்தது, என் மேல் தண்ணீர் தெறித்தது, பிறகு ஒருக்களித்துச் சாய்ந்தது. விளக்கு வைக்கிற நேரம் உனக்கு வேர்த்துக் கொட்டி, அப்பா பசிக்குது என்றாய். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மா வெள்ளிக்கிழமை குடம் தேய்த்தாள், நான் மீன் கொண்டுவந்தேன், சனிக்கிழமை அதை வாழைக்குப் பக்கத்தில் புதைத்தேன். நீ பெரிய மனுஷியான வருஷம்தான் அவள் நிறுத்தினாள். இனி அவனுக்கு அக்காவை அடையாளம் தெரியாதுங்க, அவன் தேடுறது சின்னப்புள்ளையை என்றாள். அந்தச் சொல்தானே இப்போது உன்னைப் பிடித்து ஆட்டுகிறது.

அம்மா தங்கமணி, இப்போது நன்றாகக் கேட்டுக்கொள். உன் கல்யாணத்துக்குச் சீராக என்ன கொடுத்தோம். உன் அம்மா தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த அந்தச் செப்புக்குடம்தானே, கழுத்தில் சப்பை விழுந்தது, ஒரு கோணியில் சுற்றிக் கப்பலில் உன்னோடு வந்தது. வெள்ளிக்கிழமை நீ அவளைப் போலவே புளி போட்டுத் தேய்க்கிறாய், அவளைப் போலவே அந்தத் தண்ணீரை விஜயன் மீனுக்கு ஊற்றுகிறாய், நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், அவளிடம் பழகின கை வேறு எப்படிச் செய்யும். கடல் தாண்டி வந்தது உன் தம்பி இல்லை, அந்தக் குடம்தான். குடத்தைத் தூக்கி எறிந்துவிடாதே, அதில் உன் அம்மா கை இருக்கிறது. நீங்கள் குடியுங்கள், மீனுக்கு மட்டும் மண்பானையில் ஒருநாள் நின்ற தண்ணீர். பாதிதான் மாற்று. விஜயன் ஒரு பிடிச் சோறு போடுவான், உன்னைப் போலத்தான் இருப்பான், அடிக்காதே, நாறின தண்ணீரைக் காட்டு போதும்.

உன் அம்மா போன வருஷம் தையில் போனபிறகு, நானும் ஒரு மீன் வாங்கினேன். இவ்வளவு நாள் சொல்லாதவன், நான் சொல்வது மெய்யா என்று எனக்கே தெரிய வேண்டாமா. இந்த வீட்டில் எடுத்துக்கொள்ள நான் ஒருவன்தான் இருக்கிறேன், எடுத்தால் என்னை எடுக்கட்டும், எனக்கு வயதும் ஆகிவிட்டது என்று நினைத்தே வாங்கினேன். மழைத் தண்ணீர், கண்ணாடிச் சாடி. மாசியில் வாங்கினது, அதற்குப் பிறகு ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகளும் போய் இன்னும் மூன்று மாதச் சனிக்கிழமைகளும் போயின, மீனும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். இதை நீ மனதில் ஆணி அடித்து வைத்துக்கொள். ஆனால் உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று இருக்கிறேன், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அது சுவர்ப்பக்கமாகப் போய், சாடியின் அடியோரத்தில், செவுளை விரித்துக்கொண்டு சிலிர்த்து நிற்கிறது. சாடி தரையில் பலகை மேல்தான் இருக்கிறது, குந்துகிற பிள்ளையின் முகம் எந்த உயரமோ அந்த உயரம். அந்தப் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, வேறு மீன் இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர். சாடியைத் திருப்பி வைத்தேன், மீன் மறுபடியும் அதே சுவர்ப்பக்கம் போய் நின்றது. சபாபதியும் வந்து பார்த்தார், வெளிச்சம் சரிகிற நேரத்தில் சாடிக்குள் அதன் நிழலே அதற்குத் தெரியும் என்றார். இருக்கலாம். ஆனால் வெளிச்சம் எல்லா நாளும்தான் சரிகிறது. அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும். பாலன் துணை தேடுகிறான் என்று நீ நினைப்பது மீனால் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்று கிள்ளானில் நான் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு நின்றேன். பெரியவர்கள் எல்லாம் முன்வாசலில். நீ பின்வாசல் வழியாக வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, கத்திக்கொண்டிருந்த குஞ்சின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாய். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய், தூண் மேல் நின்ற நம் வீட்டின் அடியில் விட்டாய். நான் பார்த்தேன். ஒரு அதட்டுப் போட்டிருந்தால் நீ திரும்பக் கொண்டுவந்திருப்பாய். குஞ்சும் ஒரு பிள்ளைதானே, ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளைக் குழிக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் திரும்பி நின்று இன்னொரு வாளி ஊற்றிக்கொண்டேன். உன் அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது. இருபத்தேழு வருஷமாக நீ ஒருத்தியாக இதைச் சுமந்துகொண்டு திரிகிறாய், நான் ஒருத்தனாகச் சுமந்துகொண்டு திரிகிறேன், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் துணையில்லாமல் போனது உன்னால் இல்லை. தெரிந்தே வெறுங்கையோடு அனுப்பினவன் நான். வருகிற சனிக்கிழமை கிள்ளானுக்குப் போகிறேன். கப்பல் தபால் திங்கட்கிழமைதான், அதுவரை இந்தக் காகிதத்தை மடிக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை.

போய்விட்டு வந்தேன். முதலில் பண்டமாரானுக்குப் போய் மாரியாயியிடம் ஒரு குஞ்சு கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஏண்ணே, அன்னைக்கு விட்டதை இன்னைக்குத்தான் பிடிக்க வந்தியா என்றாள். அன்றைக்கே அவளுக்குத் தெரியுமாம், காலில் நூலோடு குஞ்சு அவள் கூடைக்கே திரும்பி வந்ததாம், யார் பல்லால் கடித்தது என்று நூலைப் பார்த்தாலே தெரியாதா, சின்னப்புள்ளை எச்சில்கூடக் காயல என்றாள். அதை வெட்ட மனசில்லாமல் வளர்த்தாளாம், அது பொட்டையாகி முட்டையிட்டு, அந்த வம்சம்தான் இன்றைக்கும் அவள் வாசலில் மேய்கிறதாம். மெய்யோ, கிழவி என்னை ஏய்க்கச் சொன்னாளோ. ஒரு கறுத்த குஞ்சை எடுத்துக் கையில் வைத்தாள், நூலும் அவளே கொடுத்தாள். மேட்டில் ஆளுயரத்துக்கு லாலாங் புல். தண்டவாளத் துண்டு இருந்தது, துருப்பிடித்துப் பாதி மண்ணுக்குள். குஞ்சை அதன் பக்கத்தில் வைத்து, காலில் இருந்த முடிச்சை நானே அவிழ்த்தேன், நீ செய்த மாதிரியே, எனக்குப் பல் இல்லை, நகத்தால். பாலா, அக்கா குடுத்துவிட்டாடா என்றேன். அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, பிறகு கத்திக்கொண்டே புல்லுக்குள் போனது. சத்தம் தூரமாகப் போகவில்லை, பக்கத்திலேயே பட்டென்று நின்றது. பயந்து நின்றதோ, துணை கிடைத்து நின்றதோ, எனக்குத் தெரியாது. நான் புல்லை விலக்கிப் பார்க்கவில்லை.

சாயங்கால ரயிலில் திரும்பி, நேராகச் சாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வெளிச்சம் சரிந்தது. மீன் நடுத் தண்ணீரில் செவுளை மடக்கிக்கொண்டு சும்மா நின்றது. சுவர்ப்பக்கம் போகவே இல்லை. விளக்கு வைக்கும் வரைக்கும் பார்த்தேன், போகவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் தங்கமணி, இந்த வீடு இவ்வளவு பெரியது என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

இனி நீ எதையும் கொடுக்க வேண்டாம், உன் பங்கு போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைக்கிற வாரம் குளத்தில் ஒரு மீன் இருந்தாலும் பிடித்து மண்பானைத் தண்ணீரில் விடு, விஜயன் கையாலேயே ஊற்றட்டும், வெள்ளிக்கிழமை அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, சனிக்கிழமை நன்றாக விடிந்தபிறகே எழுந்திரு. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பேரன் நூறு வயது இருந்து இன்னும் எத்தனையோ மீன் வளர்க்கட்டும். உன் தலையில் என் இரண்டு கையும் இருப்பதாக நினைத்துக்கொள். குடத்தை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா கன்னையா
(இடது கைப் பெருவிரல் ரேகை)

சொன்னபடி எழுதியவன்: சபாபதி